கிராஃபைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை

1

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஜெயித்த கதைகளைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அதை என் விசிட்டிங் கார்டே சொல்லிவிடும். சொதப்பிய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வாணியம்பாடிக்காரன். தோல் தொழிற்சாலைகளில் பதினெட்டு வருடம் மோட்டார் ரிப்பேர் பார்த்தவன். இப்போது சிம் ரேசிங் ஸ்டியரிங் சர்வீஸ் செய்கிறேன். கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவதற்கான ஸ்டியரிங் அது. அதற்குள் இருக்கும் மோட்டார், ரோட்டில் கார் படும் பாட்டையெல்லாம் ஓட்டுகிறவர் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்குப் பெயர் ஃபோர்ஸ் ஃபீட்பேக். எவ்வளவு பலமாகச் சேர்க்க வேண்டும் என்று ஆளுக்குத் தகுந்தபடி செட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

போன வருடம் ஜவ்வாது மலையிலிருந்து தேவகி என்ற பெண் ஃபோன் செய்தாள். பிக்கப் வண்டியில் சாமையும் புளியும் ஏற்றி ஒடுகத்தூருக்கு ஓட்டுகிறவள். மற்ற நேரத்தில் சிம் ரேசர். ஆன்லைனில் ஒரு தேர்வுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வேகமாகச் சுற்றும் முதல் இருபது பேரை நிஜ ரேஸ் காரில் ஓட்டவைத்துப் பார்ப்பார்கள். வயது வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. இந்த நேரம் பார்த்து, பெரிய மோட்டார் வைத்த செகண்ட் ஹேண்ட் ஸ்டியரிங் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தாள். அதிலிருந்து சுற்றுக்கு ஒரு செகண்ட் கூடிவிட்டது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் போட்டி முடிகிறது.

"இருபத்தி ஆறாவதா நிக்கிறேன் பாய். கொஞ்சம் வந்து பாருங்க," என்றாள்.

2

மறுநாள் காலை பதினோரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். மூட்டை அடுக்கும் ஷெட்டில் ஒரு மூலையில் சீட்டும் ஸ்டியரிங்கும் இருந்தன. ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாள். நேர் ரோட்டில் ஸ்டியரிங் இடமும் வலமுமாக நடுங்கியது. எனக்கு உள்ளுக்குள் குஷி. தெரிந்த வியாதி, தெரிந்த மருந்து. லேப்டாப்பை மாட்டி, ஸ்டியரிங்கின் ஆட்டத்தைக் கோடாகக் காட்டும் கிராஃபைத் திறந்து, டேம்பிங்கை முப்பத்தைந்துக்கு ஏற்றினேன். டேம்பிங் ஏற ஏற ஸ்டியரிங் தேனுக்குள் சுற்றுவது போல நிதானமாகிவிடும். நடுக்கம் நின்றது. கிராஃப் அழகாக இருந்தது.

அவள் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, "இப்ப ஆடல பாய். ஆனா கைய விட்டா திரும்பி வரமாட்டேங்குது," என்றாள்.

"கைய ஏம்மா விடுறே? இறுக்கிப் புடி. நீ லூசா புடிக்கறதுனாலதான் ஆடுது."

இறுக்கிப் பிடித்தாள். நேரம் இன்னும் கூடியது. கேபிளை மாற்றினேன். பெடலைச் சந்தேகப்பட்டேன். கேமையே சந்தேகப்பட்டேன். மணி ஒன்று ஆயிற்று. மற்றவர்கள் முந்திக்கொண்டே போக, இவள் இருபத்தொன்பதுக்கு இறங்கினாள். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வெளியே போவேன், வாட்சைப் பார்ப்பேன், உள்ளே வருவேன். அவளோ நான் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்துகொண்டிருந்தாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது.

3

பக்கத்து ஊரில் இறக்க வேண்டிய லோடு வண்டியில் அப்படியே இருந்தது. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், இறக்கிவிட்டு வரலாம் என்றாள். என் நிலைமையும் அதேதான். ஏறி உட்கார்ந்தேன்.

கொண்டை ஊசி வளைவு வந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். வளைவு பாதி தாண்டியதும் விரல்களைத் திறந்துவிட்டாள். ஸ்டியரிங் அவள் உள்ளங்கைக்கு அடியில் தானாகச் சுழன்று திரும்பியது. நேராகும் இடத்தில் மெல்ல மூடிக்கொண்டாள். கட்டைவிரல் இரண்டும் வளையத்துக்கு வெளியே. அடுத்த வளைவிலும் அப்படியே.

இறுக்கிப் பிடிக்க மாட்டாயா என்று கேட்டேன்.

"மண்ணு ரோட்டுல கல்லு மேல ஏறுனா ஸ்டியரிங் வெடுக்குன்னு அடிக்கும் பாய். இறுக்கிப் புடிச்சா வெரலு ஒடிஞ்சிரும். எங்க மலையில எல்லாரும் இப்டித்தான் ஓட்டுவாங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கைக்குள் ஸ்டியரிங்கை ஓடவிட்டு ஓட்டுகிறவளுக்கு, ஓடாத ஸ்டியரிங்கைச் செய்துகொடுத்துவிட்டு, பிடிக்கத் தெரியவில்லை என்று பாடமும் எடுத்திருக்கிறேன். அவள் காலையிலேயே சொன்னாள். நான்தான் கிராஃபோடு பேசிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. கரண்ட் வர நான்கு மணி ஆகிவிட்டது. மோட்டாரின் பலத்தைப் பாதியாகக் குறைத்தேன். டேம்பிங்கைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கினேன். பிக்கப்பைப் பிடிப்பது போலவே பிடி என்றேன். லேசான நடுக்கம் மிச்சமிருந்தது. பழக்க தோஷத்தில் என் கை மவுஸுக்குப் போனது.

"ஆடட்டும் பாய்," என்று தடுத்தாள். "அது ஆடறத வச்சுத்தான் டயரு இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியுது."

முதல் சுற்றிலேயே அரை செகண்ட் குறைந்தது. இருபத்தாறு. இருபத்து மூன்று. நான்கு ஐம்பதுக்கு இருபது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். நான்கு ஐம்பத்தாறுக்கு எங்கிருந்தோ ஒருவன் அவளைத் தாண்டினான். இருபத்தொன்று. மிச்சமிருந்த நேரத்துக்கு ஒரே ஒரு சுற்றுதான். கடைசி வளைவில் ஒரு சக்கரம் புல்லில் ஏறியது. இருபத்தொன்றிலேயே முடிந்தது.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் லேப்டாப்பைப் பைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். வீட்டில் என்ன வண்டி ஓட்டுகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். பிறகு பத்து நிமிடம் கையை மட்டும் பார்ப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தேவகி அன்று என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்து, பிக்கப்பிலேயே பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டாள். நான் இறங்கும்போதுதான், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"காலையில நீங்க வந்தப்பவே கரண்டு போயிருந்தா நான் பாஸ் ஆயிருப்பேன் பாய்."