வேர்க்காத பிள்ளையும் தில்லிக் கணக்கும்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக விழும், பாதி மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தம்பி மகளுக்கு ஒரு பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து அதற்கு வேர்வையே கிடையாது. தலையில் பூனைமயிர் போல் நாலு முடி, வாயில் கூராக இரண்டு பல். வெயிலில் கொஞ்சம் நின்றாலும் உடம்பு கொதித்துக் கண் சொருகிவிடும். அதனால் தாய்க்காரி ஈரத்துணியைச் சுற்றியே வைத்திருப்பாள். புளி உலுக்கப் போனாலும் குடத்துத் தண்ணீர் கூடவே போகும்.

மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் துணியை நனைத்துக்கொண்டே வந்தோம். ஆனால் டாக்டர் முன்னால் சொட்டச் சொட்ட நிற்பது மரியாதை இல்லை என்பது எங்கள் மலைப் புத்தி. உள்ளே போகுமுன் துணியை அவிழ்த்து, துடைத்து, பவுடர் பூசி, புது கவுன் மாட்டினோம்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு இருக்குதே. இன்னா ஒடம்புக்கு?"

"வேர்க்காதுங்க சார். அதான் சூடு ஏறிக்குது" என்றாள் தம்பி மகள்.

"வேர்க்கலன்னா நல்லதுதானேம்மா. எனக்குப் பாரு, ஊத்துது. மொட்ட எந்தக் கோயில்ல போட்டீங்க?"

"போடலீங்க. முடியே வளரலீங்க."

"வளரும், வளரும்."

அந்நேரம் அவர் போன் கத்தியது. நர்ஸம்மாவிடம் அலுத்துக்கொண்டார். "மாசா மாசம் தில்லிலேர்ந்து இதே ரோதன. அபூர்வ வியாதிக் கொழந்த எதுனா வந்துதான்னு கேள்வி."

பிள்ளை அவர் மேசை மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவர் 'இல்லை' என்று அழுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்தார். தேசம் பிள்ளைகளைக் கண்காணிக்கிற லட்சணம் அது. பெரிய மனிதர் எதிரில் எனக்கு வாய் வராது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வெயில் முற்றியதும் மறுபடி போனோம். வரிசை நீளம். தகரக் கூரையின் கீழ் துணி காய்ந்துவிட்டது. நனைக்கப் போனால் ஆஸ்பத்திரிக் குழாயில் காற்றுதான் வந்தது. டாக்டர் அறை வாசலிலேயே பிள்ளைக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. அப்புறம்தான் ஐஸ் வந்தது, ஊசி வந்தது. பெரிய டாக்டர் ஒருவருக்குப் போட்டோ போனது. அவர் போனில் சொன்ன நோய்ப் பெயர் எங்கள் பஸ்ஸைவிட நீளம். பிள்ளை கண் திறந்த பிறகு எங்கள் டாக்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு, தானே பெற்றதைப் போல.

"லேசுல கெடைக்காத கேஸும்மா. நான்தான் தில்லிக்கு ரிப்போர்ட் அனுப்பறேன்."

குழாயில் தண்ணீர் வந்திருந்தால் என் தம்பி பேத்தி இந்த நாட்டுக் கணக்கிலேயே இல்லாத பிள்ளை.

பிறகு ஒருநாள் அந்தத் தில்லிக் கணக்கு ஆபீஸிலிருந்து என்று ஒரு பெண் போனில் அழைத்தாள். "பாப்பா பதிவாயிடுச்சுங்க."

"பதிவாயிட்டா வேர்க்குமா மேடம்?" என்று கேட்டாள் தம்பி மகள்.

"அது வேற பிரிவுங்க." வைத்துவிட்டாள்.

இதோ அடுத்த வெயில் வருகிறது. இன்னமும் ஈரத்துணிதான் வைத்தியம். நோயின் பெயரும் பெரிய டாக்டர் எந்த ஊர் என்பதும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள். பிள்ளை நிஜமாகவே அந்தக் கணக்கில் இருக்கிறதா, இருந்தால் எதற்காக என்பதையும் சேர்த்துக் கேட்டுச் சொல்லுங்கள்.