சந்து என்று சொன்னால் கௌரவம் போய்விடுமாம்

ராஜபாளையத்தில் எங்கள் வீடு தெப்பக்குளச் சந்தில் இருக்கிறது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்கு அதைச் சொல்ல வெட்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று, மகள் கல்யாணப் பத்திரிகையிலிருந்து வாசல் பலகை வரை 'தெப்பக்குளம் எஸ்டி' என்று ஸ்ட்ரீட்டைச் சுருக்கிப் போட்டுக்கொண்டார். மாடி வீடுகள் நிறைந்த தெப்பக்குளத் தெரு எங்கள் சந்துக்கு முன்னால் தனியாக இருக்கிறது.

போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்சுக்கு நான் போன் போட்டால், வேர்த்து வழிய அதைப் பிடுங்கி, "தெப்பக்குளம் ஸ்ட்ரீட்" என்றார். வண்டி முன் தெருவிலேயே சுற்றியது. சைரன் சத்தம் எங்களுக்குக் கேட்டது. டிரைவர் மறுபடி கூப்பிட்டபோது நான் வாங்கி, "சந்துய்யா, தெருவுக்குப் பின்னாடி இருக்க முட்டுச் சந்து" என்று கத்தினேன்.

படுத்துக்கொண்டே அவர் சொல்கிறார்: "ஏட்டி, மெதுவாப் பேசு. அக்கம்பக்கத்துல கேக்கப் போவுது."

அக்கம்பக்கமும் இதே சந்தில்தான் குடியிருக்கிறது.

நல்லவேளை, பிழைத்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பலகையில் 'தெப்பக்குளச் சந்து' என்று பெரிதாக எழுத வைத்துவிட்டேன். யார் விலாசம் கேட்டாலும் இப்போது நான்தான் சொல்கிறேன். வெளியே போகும்போது அவர் அந்தப் பலகையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும். அதை டிரைவர் பார்த்தால் போதும்.