ஒன்றும் நடக்காத பள்ளிக்கூடம்

உருத்திரபுரத்து மேனுகா ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மகள் அபிஷாவோடு இருந்து போனில் ஒரு யப்பான் கார்ட்டூன் பார்ப்பாள். அதில் நான்கு சிநேகிதிகள் பள்ளிக்கூடம் போவார்கள், சாப்பாட்டைப் பகிர்ந்து உண்பார்கள், மழை விடும்வரை வாசலில் நின்று கதைப்பார்கள். அவ்வளவுதான்.

"ஒண்டுமே நடக்கேல்லையே அம்மா, எப்பிடிப் பாக்கிறீங்கள்?" என்று அபிஷா அலுத்துக்கொண்டாள்.

"ஒண்டும் நடக்காததாலதான் பாக்கிறன்" என்றாள் மேனுகா.

அவள் பத்தாம் ஆண்டு படிக்கும்போது சண்டை வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஊர் திரும்பியபோது வகுப்பில் அவளோடு ஒரே வாங்கில் இருந்த கோகிலாவும் சுகிர்தாவும் உயிரோடு இல்லை.

கார்ட்டூனின் கடைசிப் பகுதியில் பிரியாவிடை நடந்தது. ஆசிரியை பெயர் கூப்பிடக் கூப்பிட எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். ஒருத்தியும் குறையவில்லை. இத்தனை நாளும் ஆறுதல் தந்த கதை அந்த இடத்தில் மேனுகாவைக் கைவிட்டது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏனம்மா அழுறீங்கள்?"

தன்னோடு படித்த அந்த இருவரின் பெயர்களையும் அன்றுதான் அவள் மகளுக்குச் சொன்னாள்.