தோண்டி வீட்டுத் தீட்டு

என் மகளுக்கு இடம் அமைந்துவிட்டது என்று நாங்கள் நம்பிய அன்று, மாப்பிள்ளையின் தாயார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க சாஸ்தா எது?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் இது பொழுதுபோகாமல் கேட்கிற கேள்வி இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதாவது குளத்தங்கரையில், வயற்காட்டில் ஒரு சாஸ்தா இருப்பார். பங்குனி உத்திரத்துக்கு அவரைப் போய்ப் பார்த்தாக வேண்டும். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அதற்குள் பெண் கொடுப்பதும் கூடாது, எடுப்பதும் கூடாது. நான், "மலைக்கோயிலுக்குப் போவோம்" என்றேன். சாஸ்தா தெரியாதவர்கள் எல்லோரும் போகிற கோயில் அது. அப்பா எங்களை அங்கேதான் கூட்டிப்போவார், காரணம் சொன்னதில்லை. அந்த அம்மாள் என்னை, விலாசம் எழுதாத கவரைத் தபால்காரர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வெசாரிச்சுச் சொல்லுங்க. தேதி பெறகு பாப்போம்."

ஐம்பது தாண்டி முன்னோரைத் தேடிக் கிளம்புவதில் முக்கியமான இடைஞ்சல் முழங்கால். அதனால் முதலில் உட்கார்ந்த இடத்திலேயே தேடினேன். கல்வெட்டுகள், ஜமீன் கதைகள், பஞ்சத்தில் ஆற்றோரமாக இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் என்று பாளையங்கோட்டையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எதிலும் நாங்கள் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, ஒரு திவானோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு புலவரோ எனக்கு மூதாதையாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் ஊறிக்கொண்டே வந்தது. என் முகவெட்டு அப்படி. மனைவிக்கு அது தட்டுப்பட்டதில்லை.

விஷயம் கடைசியில் தச்சநல்லூரில், அப்பா காலத்திலிருந்து நாங்கள் சாமான் வாங்குகிற பலசரக்குக் கடையில் கிடைத்தது. கடை அண்ணாச்சி புளியை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"உம்ம அப்பாவத் தோண்டி வீட்டுக்காரருன்னுல்லா எங்க அய்யா சொல்லுவாவ. ஆழ்வார்குறிச்சியில போயி அந்தப் பேரச் சொல்லிக் கேளும்."

"இத்தன வருசமா இத ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"நீரு சீனியும் பருப்பும்லா கேட்டீரு."

ஆழ்வார்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோண்டி வீடு என்றதும், நான் கேட்ட முதல் ஆளே சிரித்துக்கொண்டு ஓர் உரக்கடையைக் காட்டினார். கடைக்காரருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் காதுகளைப் பார்த்தார். அவருக்கும் அதே மாதிரி, முறத்தை ஒட்டவைத்தாற்போலத்தான் இருந்தன.

"சரியாத்தான் இருக்கு. உக்காருங்க அண்ணாச்சி" என்றார்.

வம்ச வரலாற்றை யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். வயலைப் பிரித்துக்கொண்டார்கள், வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள், சண்டை இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பித்தளைத் தோண்டி ஒன்று மிஞ்சியது. அதில் வந்த பேச்சில் தம்பிக்காரர் சாப்பாட்டில் பாதியில் எழுந்து கிழக்கே போனவர், திரும்பவே இல்லை. நான் அவருடைய வாரிசு. திவானும் இல்லை, புலவரும் இல்லை. ஒரு பாத்திரத்துக்காக ஊரை விட்டவர்.

"அந்தத் தோண்டி இப்ப இருக்கா?"

"அது அப்பவே ஓட்டையாம்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே கட்டிலில் அவருடைய சித்தப்பா படுத்திருந்தார். பிள்ளையில்லாதவர். முறைப்படி எனக்கும் சித்தப்பா.

"ஏலே, யாருலே அது?"

"கிழக்க போன வீட்டு ஆளு, சித்தப்பா."

"தோண்டியக் கேட்டா வந்திருக்கான்?"

"இல்ல சித்தப்பா. சாஸ்தாவக் கேட்டு."

"அதக் குடுத்து அனுப்பு."

கொடுத்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சாஸ்தா வேறு, எங்கள் சாஸ்தா வேறு. தேதி குறித்தாயிற்று. 'தோண்டி வீடு' என்ற வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். எனக்கும் ஒரு வம்சம் இருக்கிறது என்று அன்று கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் சாக ஆரம்பித்தார்கள்.

பங்காளி வீட்டில் சாவு என்றால் நமக்கும் பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியத்தில் நிற்கக் கூடாது. முதலில் கடையத்தில் ஒரு பெரியவர். அந்தத் தீட்டில் மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசம் எங்களுக்குத் தவறிப்போயிற்று. அடுத்து எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், நான் முகம்கூடப் பார்த்ததில்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இம்புட்டு வருசம் ஒரு சாவு இல்லாம நிம்மதியா இருந்தோம். நீங்க போயித் தேடிப் புடிச்சிட்டு வந்திய."

"அவங்கள்லாம் முன்னாடியும் செத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க."

"நமக்குத் தெரியாதுல்லா. காதுல விழுந்தாத்தான தீட்டு. ஃபோன எதுக்கு எடுக்கிய?"

சாஸ்திரப்படி அவள் சொன்னது சரி. செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டுக்குக் கணக்கு. தெரியாதவனை அது தீண்டாது. நான் தெரிந்துகொள்வதற்காக அலைந்தவன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பத்திரிகை கொடுக்க மனைவியோடு ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். சித்தப்பாவுக்கு நினைவு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவர் போய்விட்டால் கல்யாணம் நின்றுவிடும். மாப்பிள்ளை கல்யாணமான கையோடு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர். அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. 'குறிச்ச தேதி தள்ளிப் போனா எங்க வீட்டுல சம்பந்தத்தையே விட்டுருவோம்' என்று அவருடைய தாயார் முதலிலேயே சொல்லிவைத்திருந்தார். என் மகளோ, பார்த்தேயிராத அந்தக் கிழவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் தவறாமல் விசாரித்துக்கொண்டிருந்தாள். எந்தத் தாத்தாவும் பேத்தியிடமிருந்து அவ்வளவு அக்கறையைப் பெற்றிருக்கமாட்டார். கட்டில் பக்கத்தில் நின்று, ஒரு வாரம் மட்டும் தள்ளிக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். புதிதாகக் கிடைத்த சாஸ்தாவிடம் நான் கேட்ட முதல் வரம் அது. அதற்குமேல் அந்த மனிதர் எத்தனை நாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை என்பதும் அந்த வேண்டுதலில் அடங்கியிருந்தது. எனக்கே சீ என்று இருந்தது.

உரக்கடைத் தம்பி பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

"ஒரு வேன் புடிச்சு எல்லாரும் வந்துருவோம் அண்ணாச்சி. நீங்க இனிமே ஃபோன் போடாதிய, கல்யாண வேல கெடக்கும். சேதி இருந்தா நானே கூப்பிடுதேன்."

கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து, வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதாகச் செல்ஃபோன் சொன்னது. யாருக்குப் பத்திரிகை விட்டுப்போயிற்றோ, யாருக்கு மனத்தாங்கலோ என்று அன்று முழுவதும் குழம்பினேன். தோண்டிக்குப் பிரிந்த குடும்பம், பத்திரிகைக்குப் பிரிவதில் அதிசயமில்லை.

கல்யாணத்துக்கு வேன் வரவில்லை. ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அவர்களுக்கென்று ஒதுக்கிய வரிசை காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான், என்னை ஏன் குழுவிலிருந்து எடுத்தார்கள் என்பது புத்தியில் ஏறியது. ஏறியதை அங்கேயே அமுக்கினேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் தாயார் வந்தார். "உங்க பங்காளிமாரு ஒருத்தரும் வரலியோ?"

"உரக்கடையில லோடு வார நாளு" என்றேன்.

"அதுக்காக ஒருத்தர் கூடவா?"

"பெரிய லோடு."

சாயங்காலம் பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி தலைப்பூவை எடுத்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள்: "மறுவீடு முடிஞ்சு புள்ளைக பிளேன் ஏறட்டும். அது வரைக்கும் நீங்க அந்த ஊருக்கு ஃபோன் போடாண்டாம்." அவளும் காலையிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். உங்க வம்சத்தக் காணுமே என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவள் விட்ட முதல் சந்தர்ப்பம் அதுதான்.

பிள்ளைகள் கிளம்பிப் போன மறுநாள் ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். தம்பி கடையில் மொட்டைத்தலையோடு உட்கார்ந்திருந்தார். முடி லேசாக முளைத்திருந்தது. அந்தக் காதுகள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. நான் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"புள்ளைக நல்லபடியா போயாச்சா?"

"போயாச்சு."

"சித்தப்பா தவறிட்டாவ, அண்ணாச்சி. நீங்க வந்துட்டுப் போன மறுநா ராத்திரி." பிறகு, "குழுவுல இருந்து எடுத்ததுக்கு வருத்தப்பட்டுட்டியளோ? எவனாவது போட்டோவப் போட்டுருவான்னுதான்" என்றார்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "கடைசியில எதுவும் சொன்னாவளா?" என்றேன்.

"மோரு கேட்டாவ."

கொல்லைப்புறத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். பதினாறு நாள் கழிந்தபிறகு காதில் விழுந்த சாவுக்குத் தீட்டு இல்லை; கேட்டதற்கு ஒரு முழுக்குப் போட வேண்டும், அதோடு சரி. வேட்டி ஒன்றும் துண்டு ஒன்றும் கொடியில் போட்டுவிட்டுப் போனார். தொட்டித் தண்ணீர் வெயிலில் சுட்டுக்கிடந்தது. இரண்டு முறை மட்டும் பார்த்த ஒரு மனிதருக்காகத் தலையில் ஊற்றிக்கொண்டேன். எதை நினைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடையில் யாரோ பொட்டாஷ் கேட்டு அவசரப்படுத்துவது காதில் விழுந்தது.

"பைய வே" என்றார் தம்பி. "எங்க அண்ணன் குளிக்காவ."