மூன்று பாகம் கயிறு

என் மேசை லாச்சிக்குள் ஒரு நீல நைலோன் கயிறு கிடக்கிறது. சுருட்டிக் கட்டிய அதன் நுனியில் ஒரு மட்டைத் துண்டு தொங்குகிறது. மட்டையில் கறுப்புப் பேனாவால் எழுதிய ஒரே வரி: ‘மூன்று பாகம் = பதினாறு அடி. பிடித்தவர்: லைன் பாஸ்.’ எழுத்து சின்னது, நேரானது, கோடு போடாத மட்டையிலும் வளையாதது. கயிற்றை எனக்குத் தந்தவரை நாங்கள் ‘பொல்லு மிஸ்’ என்போம். அவர் முன்னால் ‘மிஸ்’ மட்டும்.

மிஸ் மின்சாரக் கந்தோரின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் வயரை மின்கம்பத்தில் கட்ட விரும்பினால், நகரிலிருந்து நிலாவெளிப் பக்கம் வரை அவர் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். அவர் பார்ப்பது கண்ணால் அல்ல. ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, இழுக்க இழுக்க நீளும் மஞ்சள் அளவுபொல்லு ஒன்று அவரிடம் இருந்தது. மின்சாரம் பாயாத பொருளில் செய்தது. அடைத்தால் ஓர் ஆள் உயரம், நீட்டினால் மாடிவீட்டுக் கூரை. அதை ஸ்கூட்டரின் பக்கவாட்டில் பழைய சேலைக் கரையால் கட்டிக்கொண்டு வருவார். சீனன்குடா விமானப்படைத் தளப் பக்கம் போகும் நாட்களில் வாயிற்காவலர்கள் அந்தப் பொல்லை முழுதாக நீட்டிக் காட்டச் சொல்வார்களாம். மிஸ் நீட்டிக் காட்டுவாராம். அப்படியே அவர்களுடைய வாசல் வளைவின் உயரத்தையும் அளந்து சொல்லிவிட்டுப் போவாராம்.

நான் அப்போது பத்திரிகை வேலை போய் மூன்று மாதம். எங்கள் பத்திரிகை திருகோணமலைக் கிளையை மூடியபின், இணையம் கொடுக்கும் சிறு கொம்பனி ஒன்றில் அனுமதி விண்ணப்பங்கள் எழுதும் வேலை கிடைத்தது. செய்தி எழுதியவனுக்குப் படிவம் நிரப்புவது ஒரு வேலையா என்ற எண்ணம் எனக்கு. முதல் விண்ணப்பத்தில், வயர் ‘வீதியிலிருந்து போதிய உயரத்தில்’ கட்டப்படும் என்று எழுதியிருந்தேன். மறுநாளே திரும்பி வந்தது. ‘போதிய’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் ‘எத்தனை அடி?’ என்ற கேள்வி. எங்கள் செய்தி ஆசிரியர் பல வருடம் என்னிடம் கேட்ட கேள்வி அது. ‘பலர் கலந்துகொண்டனர்’ என்று எழுதினால் எத்தனை பேர் என்பார். அதிலிருந்து தப்பிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது ஸ்கூட்டரில் ஏறி என்னைத் தேடி வந்திருந்தது.

விதிகள் சிக்கலானவை அல்ல. அந்த வீதிகளுக்கென்று எங்களுக்குத் தந்த நிபந்தனைப்படி, எங்கள் வயர் வீதிக்கு மேலே பதினெட்டு அடிக்குக் குறையக்கூடாது. மேலே போகும் மின்கம்பிக்கும் எங்கள் வயருக்கும் நடுவே நாலடி இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால், ஏணியில் நிற்கும் எங்கள் ஆளின் தலை மின்கம்பிக்குக் கிட்டப் போகும். கீழே இறங்கினால் மீன் லொறி வயரை இழுத்துக்கொண்டு போகும். சிலவேளை கம்பத்தையும் கூட்டிக்கொண்டு போகும். மிஸ் இதை வேறு மாதிரிச் சொல்வார்: “கம்பம் கறண்டின்ர வீடு. நீங்கள் வாடகைக்கு வந்தாக்கள். மேல்மாடிக்கு ஏறவும் வேண்டாம், வாசல் முத்தத்தில பாய் விரிக்கவும் வேண்டாம்.”

நான் சொல்ல வந்தது சல்லிக் கிராமத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிறு கரையோரக் குடியிருப்பில் நடந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. அங்குள்ள அம்மன் கோயில் தலைவர் இன்னும் என்னோடு கதைக்கிறார். அது தொடர வேண்டும். தலைவர் இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், ஆறடி மனிதர். ஒரே மகள் கனடாவில். போய் ஒன்பது வருடம் ஆகியும் அங்கே பத்திரங்கள் சரிவராததால் அவளால் வந்து போக முடியவில்லை. அந்த வருடத் திருவிழாவில் அம்மன் சப்பறத்தில் வீதியுலா வருவதை நேரலையில் காட்டுவேன் என்று தலைவர் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கைபேசியை நம்ப முடியாது. திருவிழாக் கூட்டம் சேர்ந்ததும் அந்தக் கரையில் அலைவரிசை படுத்துவிடும். கோயிலுக்கு வயர் வந்து, அங்கிருந்து வீதிவரை வைஃபை எட்டினால்தான் உண்டு. பதினொரு நாள் இருக்கும்போது எங்களிடம் வந்தார். “தம்பி, பிள்ளை அங்க லீவு போட்டிட்டுது. இனி ஏலாது எண்டு சொல்ல எனக்கு ஏலாது,” என்றார்.

வயர் கட்டும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர் லைன் பாஸ். கட்டையான, சுறுசுறுப்பான மனிதர். கம்பங்களைப் பார்க்கப் போன அன்று அளவுநாடாவைக் கந்தோரில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கோயில் தலைவர் இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று படகிலிருந்து நீலக் கயிறு ஒன்றை வெட்டிக் கொடுத்தார். “மூண்டு பாகம் பிடியும். பதினெட்டடி சரி.” கடலுக்குப் போகிறவர்கள் கயிற்றையும் ஆழத்தையும் பாகத்தில் அளப்பார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால், விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரு பாகம்; ஆறடி என்பது கணக்கு. பாஸ் மூன்று முறை கையை விரித்து மூன்று முடிச்சுப் போட்டார். வீதியின் இரு புறமும் இருந்த கம்பங்களில் ஏறிக் கயிற்றைத் தொங்கவிட்டு, வயர் கட்ட வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டார். மூன்று பாகம் என்று எனக்குப் போனில் சொன்னார். நான் மூன்றை ஆறால் பெருக்கிப் பதினெட்டு அடி என்று படிவத்தில் எழுதினேன். ‘போதிய’ என்று எழுதவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மிஸ் வந்தபோது திருவிழாவுக்கு ஆறு நாள். பொல்லை நீட்டிச் சிவப்புக் கோட்டில் வைத்தார். படிவத்தைப் பார்த்தார். திரும்பவும் பொல்லைப் பார்த்தார்.

“பதினாறு.”

“மூண்டு பாகம், மிஸ்,” என்றார் பாஸ்.

“ஆரின்ர பாகம்?”

கோயில் தலைவர் தன் கைகளைப் பார்த்தார், பிறகு பாஸின் கைகளைப் பார்த்தார். மிஸ் பாஸைக் கையை விரிக்கச் சொல்லிப் பொல்லைக் குறுக்கே பிடித்தார். ஐந்தடி நாலு அங்குலம்.

“நான் வளரக்கூடிய மட்டும் வளந்திட்டன் மிஸ்,” என்றார் பாஸ்.

“உம்மட கையை நம்பிக் கடலுக்குப் போனால் நங்கூரம் அந்தரத்திலதான் நிக்கும்,” என்றார் தலைவர்.

பிழை பாஸின் கையில் இல்லை, என் பெருக்கலில் இருந்தது. யாருடைய கை என்று நான் கேட்கவில்லை. மிஸ் அதைச் சொல்லவில்லை. படிவத்தில் என் ‘பதினெட்டு’ மேல் ஒரு வட்டம் போட்டார், கயிற்றைச் சுருட்டித் தன் பையில் வைத்தார், அவ்வளவுதான். கோட்டை மேலே ஏற்றினால் என்ன என்று கேட்டேன். அந்த இடத்தில் மின்கம்பி இருபத்தொரு அடியில் இருந்தது. பதினெட்டுக்கு ஏற்றினால் நடுவில் மூன்றடிதான் மிஞ்சும். அதுவும் வயரின் தொய்வைச் சேர்க்காமல். இவ்விடத்தில் வீதியைக் கடக்க முடியாது என்று மிஸ் எழுதினார்.

“ஒரு நாள் கூத்துத்தானே மிஸ்,” என்றார் தலைவர். “பதினாறிலயே கட்டுவம். சப்பறம் வரேக்க கவைத்தடியால தூக்கிவிடுறன்.”

கவைத்தடி என்பது நுனியில் கவர் விட்ட நீண்ட தடி. சப்பறத்துக்கு முன்னால் ஒருவர் அதைப் பிடித்து நடந்து, குறுக்கே தொங்கும் வயர்களைத் தூக்கிச் சப்பறத்தின் முடிக்கு வழிவிடுவார். அந்த ஊரில் அது தலைவரின் உரிமை. அதற்கு முன் அவருடைய தகப்பனாரின் உரிமை.

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். “கறண்ட் வயரையுமோ?”

“ஓம். கறண்ட் நிப்பாட்டின பிறகுதான். விசர் வேலை செய்யமாட்டம்.”

“நிப்பாட்டினது எப்பிடித் தெரியும்?”

“இதென்ன கதை மிஸ். கோயில் ஸ்பீக்கர் நிண்டிடும்தானே. பாட்டு நிண்டால் கறண்ட் இல்லை. தடியைத் தூக்குவன்.”

மிஸ் கோயில் பக்கம் திரும்பினார். மடப்பள்ளிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தகரக் கொட்டில். “அதுக்குள்ள என்ன?”

“ஜெனரேற்றர். போன வருசம் வெளிநாட்டுப் பிள்ளையள் வாங்கித் தந்தவை. இப்ப கறண்ட் போனாலும் பாட்டு நிக்காது.” பெருமையோடு தொடங்கிய வாக்கியம் அது. முடியும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

“அப்ப போன வருசம் எப்பிடித் தெரிஞ்சது?”

தலைவர் தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். “பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தது. நிப்பாட்டியிருப்பினம் எண்டு நினைச்சுத் தூக்கிட்டன்,” என்றார்.

“அம்மாளாச்சிக்கு உங்களில நல்ல விருப்பம், அண்ணை,” என்றார் பாஸ்.

படிவத்தை மடித்துக்கொண்டு மிஸ் அப்போதே போயிருக்கலாம். விதி அவர் பக்கம் இருந்தது. இந்தக் கதையைக் கேட்டபின் நியாயமும் இருந்தது. அவர் தலைவரிடம் கேட்டது வேறு: “மகள் பாக்கேக்க அங்க எத்தினை மணி?” காலமை ஏழு மணி என்றார் தலைவர். மிஸ் பொல்லைத் தோளில் வைத்துக்கொண்டு வீதியோரமாக நடக்கத் தொடங்கினார். எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் பின்னால் போனோம்.

மிஸ் சம்பூர்ப் பிள்ளை. யுத்தத்தில் அவருடைய குடும்பம் ஊரைவிட்டுப் போய், வருடங்கள் கழித்துத் திரும்பிக் குடியேறியது. அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவர்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்ததாம். “எங்கட வளவுக் கம்பத்தையும் நான்தான் அளந்தனான். ரெண்டு அங்குலம் பிழை. திருப்பி நடுவிச்சனான்,” என்று ஒருமுறை சொன்னார். அவருடைய அம்மா அதற்காக ஒரு கிழமை பேசவில்லையாம்.

வழி ஐஸ் தொழிற்சாலை வாசலில் கிடைத்தது. பெரிய லொறிகள் திரும்பும் இடமாகையால் அங்கே கம்பங்கள் உயரமானவை. முழுதாக நீட்டியும் பொல்லு மின்கம்பியின் கிட்டப் போகவில்லை. வீதியின் ஒரே பக்கமாக அதுவரை வந்து, அங்கே பதினெட்டரை அடியில் கடந்து, மற்றப் பக்கமாகக் கோயிலுக்குத் திரும்பலாம். ஏழு கம்பம் கூடும். ஒவ்வொன்றுக்கும் எண், உயரம், சாய்வு, ஏற்கெனவே கட்டியிருப்பவை எல்லாம் எழுத வேண்டும். நான் ஸ்கூட்டர் இருக்கையில் தாளை வைத்து எழுதினேன். மிஸ் அளந்தார். தலைவர் பொல்லின் அடியைப் பிடித்தார். நாலாவது கம்பத்திலிருந்து அளவை அவரே உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டார், அடியிலும் அங்குலத்திலும். ஐந்தாவது கம்பத்திலிருந்து ஒரு வேலிக்கு யாரோ கயிறு கட்டிக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். மிஸ் அதையும் எழுதச் சொன்னார். ‘கருவாட்டுக் கொடி, ஒன்று, அனுமதி பெறாதது.’ நான் எழுதிய அனுமதி விண்ணப்பங்களில் அதுவே மிகச் சரியான வாக்கியம்.

கடைசியில் சப்பறத்தையும் அளந்தார். மேல்குடையை மடக்கினால் பதினாறரை அடி. வீதியில் குடையை மடக்கிப் பிடிப்பது, கோயில் வாசலில் விரிப்பது என்று முடிவானது. பொறியியலாளரின் ஒப்பம் மூன்றாம் நாள் வந்தது. அடியில் மிஸ்ஸின் கையெழுத்தில் இரண்டு நிபந்தனை: மின்சாரம் நின்றதை உத்தியோகத்தர் நேரில் வந்து உறுதிசெய்வார், கவைத்தடியால் எந்த வயரையும் தொடக்கூடாது. இரண்டாவதைப் படித்ததும் தலைவரின் முகம் வாடிவிட்டது. அப்பா பிடித்த தடி என்றார்.

“தடியைக் கொண்டு வாங்கோ. தூக்க வேண்டாம்,” என்றார் மிஸ்.

“தூக்காத தடி என்னத்துக்கு மிஸ்?”

“வடிவுக்கு.”

திருவிழாவன்று தலைவர் கவைத்தடிக்கு வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டி, நிமிர்ந்து நடந்து வந்தார். ஐஸ் தொழிற்சாலை வாசலில் மிஸ் மஞ்சள் பொல்லோடு நின்றார். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் நின்றிருந்தது, இரண்டும் ஒன்றல்ல என்பது இப்போது ஊருக்கே தெரியும். சப்பறத்தின் முடி எங்கள் வயருக்குக் கீழே, ஒன்றையும் தொடாமல் போனது. சப்பறம் கோயிலுக்குத் திரும்பியபின் தலைவர் மகளை அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி: “அப்பா, ஏன் தடியைச் சும்மா கொண்டு போனீங்கள்? கை நோவோ?”

“இல்லைப் பிள்ளை. வயர் எல்லாம் வளந்திட்டுது.”

பிறகு கைபேசியைக் கோயில் வாசலில் விரித்திருந்த குடைப் பக்கம் திருப்பினார். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

போகும்போதுதான் மிஸ் கயிற்றை என்னிடம் தந்தார். “கோப்பில இதை வைக்க இடமில்லை. நீங்கள் வைச்சிருங்கோ, பேப்பர்காரர்.”

மிஸ் இடமாற்றமாகிப் போய்ச் சில வருடம் ஆகிறது. இந்த வருடத் திருவிழாவுக்குத் தலைவரின் மகள் வந்திருந்தாள். நேரலைக் கைபேசியை அவளே பிடித்தாள், தகப்பனின் தடியிலிருந்து சப்பறத்தின் முடிவரை அண்ணாந்தபடி. மறுநாள் காலை எனக்கு ஒரு போன் வந்தது. நலம் விசாரிப்பு இல்லை.

“ஐஸ் தொழிற்சாலை வாசல்ல உங்கட வயர் எத்தினை அடி?”

“பதினெட்டரை, மிஸ். நீங்களே அளந்தது.”

“அது அப்ப. நேத்து நேரலையில பாத்தனான். சப்பற முடிக்கும் வயருக்கும் இடையில முந்தியை மாதிரி இடம் இல்லை. ரோட்டுக்கு என்ன செய்தவை?”

சில மாதங்களுக்கு முன் வீதியைக் கல் போட்டு உயர்த்தி, மேலே தார்க் காப்பெட் போட்டிருந்தார்கள். வயர் இறங்குமா என்று பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, வீதி ஏறும் என்று தோன்றவில்லை. கொம்பனி இப்போது வைத்திருக்கும் மஞ்சள் பொல்லோடு அன்றே போய் அளந்தோம். பதினேழு அடி பத்து அங்குலம். பாஸ் ஏணியில் ஏறி வயரை உயர்த்தினார். கீழே நின்ற தலைவர், “போனமுறை வயர் வளந்தது, இந்தமுறை ரோட்டு வளந்திருக்கு. பாஸ் மட்டும் அப்பிடியே இருக்கிறார்,” என்றார்.

கந்தோருக்குத் திரும்பி லாச்சியைத் திறந்து கயிற்றை எடுத்தேன். மட்டையின் பின்பக்கம் இத்தனை காலமும் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினேன்: ‘வீதி = எட்டு அங்குலம். பிடித்தவர்: மிஸ்.’ என் வரி கொஞ்சம் வளைந்துவிட்டது.