கோட்டை வூட்டுக்கு ஒரு சவாரி

ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது. இறக்கிவிடுகிற இடம் ஏமாற்றிவிட்டால் அதற்கும் அவன்தான் பதில் சொல்லணும். ஆட்டோ ஓட்டிச் சவாரிக்காரர்களிடம் பேச்சு வாங்கியிருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். பாகூர் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, நாலு பக்கமும் அகழி வெட்டின ஒரு பழைய மாடி வீடு. ஊரில் அதைக் கோட்டை வூடு என்பார்கள். முதுகு வலி வந்து வண்டியை விடும்வரை அந்த வீடுதான் எனக்குச் சோறு போட்டது.

பீரங்கி எங்கே?

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வழியெல்லாம் "கோட்டை சார், கோட்டை" என்று அளந்துவிட்டேன். போய் இறங்கினால் அகழியில் தாமரை, மாடியில் வடகம், ஓரமாக ஒரு டிராக்டர். பிள்ளைகள் பீரங்கியைத் தேடிக் களைத்துவிட்டார்கள். அவர்கள் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க மாமியார் வீடும் இதே மாதிரிதான்பா இருக்கும். சுத்தித் தண்ணி இல்ல, அவ்ளோதான்."

பலகை

அகழியைத் தாண்ட ஒரு நீளப் பலகைதான். வீட்டுக்கார அம்மா ரங்கநாயகி, விளக்கு வைக்கிற நேரத்தில் கிணற்று ராட்டினத்தில் கயிறு போட்டு அதை உள்ளே இழுத்துவிடுவார். வாழ வந்த நாளிலிருந்து அதே பழக்கம். அந்த ராட்டினச் சத்தம் இப்போதும் என் காதிலேயே இருக்கிறது.

ஒரு பிரெஞ்சுக்காரர் அதைப் படமாக எடுத்துத் தள்ளிவிட்டு, எந்த எதிரிக்காக இது என்று அந்த அம்மாவிடம் என்னைக் கேட்கச் சொன்னார். அந்த அம்மாவுக்குப் பொய் வராது. "எதிரியாவது ஒண்ணாவது. ஆடு வந்து கத்திரிச் செடிய மேஞ்சிட்டுப் பூடுதுபா."

அதிகாரி

அந்த அம்மாவின் மகனுக்கு டவுனில் வியாபாரம். அகழியைத் தூர்த்து மனை போடணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கோட்டை என்று அரசாங்கம் எழுதிவிட்டால் யாரும் கைவைக்க முடியாது என்று ஊரில் பேச்சு. இது கோட்டைதானா என்று பார்க்க வந்த தொல்லியல் துறை அதிகாரியை ஏற்றிப்போனதும் நான்தான். "ஆட்டுக் கதைய மட்டும் எடுக்காதீங்கம்மா" என்று காதில் போட்டேன். பலகையை ஏன் இழுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் அம்மா அதையேதான் சொன்னார். திரும்பும் வழியில் அதிகாரி சொன்னார்: "கோட்டைன்னா எவனாவது உள்ள வர முடியாம வெளிய நின்னிருக்கணும்பா. இது வெறும் வீடு."

காலை நேரம்

அடுத்த மாசம், மகன் ஒரு புரோக்கரையும் நிலம் அளக்கிறவரையும் கூட்டிக்கொண்டு என் வண்டியிலேயே வந்து இறங்கினான். பலகையைக் காணோம். அந்தக் கரையில் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். புரோக்கர் ஒரு காலை விட்டுப் பார்த்தார், முழங்கால்வரை சேறு. "இன்னாம்மா இது, பலகையப் போடு" என்று மகன் கத்தினான். அம்மா அசையவில்லை. "இன்னிக்கு ஆடு காலையிலயே வந்துட்டுதுடா" என்றார்.

அந்த அம்மா கண்ணை மூடும்வரை அங்கே யாரும் ஒரு முளைக்குச்சிகூட அடிக்கவில்லை. அதிகாரி என்ன எழுதினாரோ, வெளியே நின்று திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு போனவன் சொல்கிறேன், அது கோட்டைதான்.