வெங்காயத் தோல் சாறு

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிக்கூடங்களைப் பார்த்துக்கொள்பவர் சடையாண்டி. பதினெட்டு வருட உத்தியோகம். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனால் எந்த எலி நாளைக்குச் சாகும் என்று முந்தின நாளே சொல்லிவிடுவார். பேராசிரியர்களுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

அவர் மனைவி மாயம்மாள் வெங்காய மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் சுத்தம் செய்கிறவள். குப்பைக்குப் போகும் தோலை இரண்டு வருடமாகச் சாக்கில் கட்டிப் புருஷனிடம் கொடுத்தனுப்பினாள். ஆராய்ச்சி மாணவி ஜீவிதா அதிலிருந்து சாறு இறக்கி ஏழு நாள் எலிகளுக்குக் கொடுப்பாள். எட்டாம் நாள் மயக்க ஊசி போட்டு வயிற்றைத் திறந்து, குடலுக்குப் போகும் ரத்தக்குழாயை அரைமணி நேரம் கிளிப் போட்டு இறுக்கி, பிறகு விட்டுவிடுவாள். ரத்தம் நின்றால் குடல் பாதி கெடும். நின்ற ரத்தம் திரும்பப் பாயும்போது மீதியும் கெடும். இந்த அநியாயம் சடையாண்டிக்கு என்றைக்குமே பிடிபடவில்லை. சாறு குடித்த எலிகளின் குடல் ஓரளவு தப்பியது.

"ஒன் தோலு எலியக் காப்பாத்துது," என்று வீட்டில் சொன்னார்.

"அப்ப எனக்கொரு சேல எடுத்துத் தரச் சொல்லுங்க அந்த எலிய," என்றாள் மாயம்மாள்.

அவளுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் அதை நிறுத்திவிட்டாள். காப்போடு மாத்திரை விழுங்கினால் ஆத்தாளை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். "பதினஞ்சு நாள்ல என்ன ஆயிரப்போகுது," என்றாள். சடையாண்டியும் தலையாட்டினார். சாமி காரியத்தில் குறுக்கே நிற்க அவருக்குப் பயம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். குடலேற்றம் என்று முடிவுகட்டினார் சடையாண்டி. விளக்கெண்ணெய் தடவித் தொப்புளைச் சுற்றி நீவிவிட்டார். பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் சரியாகியிருக்கிறது. மத்தியானம் வரை நீவினார். பதினெட்டு வருடம் குடலையே பார்த்துக் கிடந்த மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் புத்தி எங்கே போனதோ.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி ஒன்று குடலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கிறது என்றார். "அடைப்ப எடுக்கறோம். ரத்தம் திரும்பப் போனப்புறம் குடல் எப்படி இருக்குன்னு பாத்துத்தான் சொல்லமுடியும்."

சடையாண்டிக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. எலிக்கு அரைமணி நேரம். இவளுக்கு ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. ஜீவிதாவுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, ஃப்ரிட்ஜ்ல அந்தச் சாறு இருக்குல்ல. எடுத்துட்டு வா தாயி. அடைப்ப எடுக்கறதுக்குள்ள குடுத்துருவோம்."

ஜீவிதா அழுகிற குரலில் சொன்னாள். "அண்ணே, அது எலிக்குத்தான் பாத்துருக்கோம். மனுசருக்குக் குடுக்கக் கூடாதுண்ணே. எலிக்குமே ஏழு நாள் முன்னாடியே குடுத்தாத்தான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்," என்றார் சடையாண்டி. "தெரிஞ்சுதான் கேக்கறேன்."

வராந்தாவில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். மூட்டை மூட்டையாகத் தோல் சுமந்த மனுஷனுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஆத்தாள் மேல் கோபம் வந்தது, தலையாட்டிய தன் மேல் வந்தது, கடைசியில் விளக்கெண்ணெய் வாடை போகாத தன் கைகளின் மேல் வந்து நின்றது. குழாயடிக்குப் போய் இரண்டு தடவை கழுவினார்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். அடைப்பை எடுத்தாயிற்று, ஆனால் குடல் முழுக்கக் கறுத்துவிட்டது. வெட்டி எடுத்தால் மிஞ்ச ஒன்றுமில்லை என்பதால் வயிற்றை அப்படியே மூடிவிட்டார்கள். "இன்னிக்கோ நாளைக்கோதான். வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க. முழிச்சா பக்கத்துல இருந்து பேசிக்கிட்டு இருங்க," என்றார்.

மறுநாள் காலையில் மாயம்மாள் கண் திறந்தாள். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் முகம் தெளிவாக இருந்தது. அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"வலி நின்னுருச்சுங்க," என்றாள். "பசிக்குது. கொஞ்சூண்டு கஞ்சி வாங்கியாங்க."

சடையாண்டி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வாங்கப் போகிறவரைப் போலவே கிளம்பினார்.